அடுப்படியில் வைத்த பேட்டரி

கண்ணு,

இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் அந்தச் சார்ஜரை எந்தப் பிளக்கிலும் சொருகாதே. காப்பித்தூள் பொட்டலத்துக்குள் கடிதம் வைத்து அனுப்பும் அம்மாவை நீ வேறெங்கும் பார்த்திருக்க மாட்டாய். சிரித்துக்கொள், பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "பேட்டரி மறுபடியும் டவுன் ஆயிருச்சும்மா. ஆன்லைன்ல ஒரு சார்ஜர் வாங்கியிருக்கறேன். ஞாயித்துக்கெழம கழட்டிக் கொண்டாந்து ஊட்டுலயே ஏத்திக்கறேன். அடுப்பு மேடைக்குப் பக்கத்துல ஒரு பிளக் இருக்குது" என்றாய், என்னமோ மாவு அரைக்கப் போகிறவன் மாதிரி. ஸ்பீக்கரில்தான் பேசிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்து மிளகு ஆய்ந்துகொண்டிருந்த உன் அப்பா, கையை முறத்திலேயே வைத்தபடி என்னைப் பார்த்தார். "ஞாயிறு வரைக்கும் அதத் தொடாத சாமி. பொட்டலம் ஒண்ணு வரும், பிரிச்சுப் பாத்துட்டு அப்பறம் எதையும் செய்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். மீதியையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அங்கன்வாடியில் இருபது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அதட்டிய வாய்தான், உன்னிடம் இதைச் சொல்ல வரவில்லை.

போன மாதம் நீயும் மருமகளும் வந்திருந்தபோது நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். பட்டப்பகலில் பனிமூட்டம். கொண்டை ஊசி வளைவெல்லாம் விளக்குப் போட்டபடி ஏறி வந்தாய். வாசலில் நிறுத்தியதும் கார் கீச்சுகீச்சென்று கத்தியது, நீ போனில் ஆபீஸ்காரனோடு பேசிக்கொண்டே இறங்கி வந்துவிட்டாய். விளக்கு எரிந்துகொண்டே கிடந்தது. மறுநாள் காலையில் சாவியைத் திருகினால் டிக் டிக் என்கிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. உன் அப்பா லாட்ஜ் வேலைக்குக் கிளம்பியவர், திரும்பி வந்து, கொட்டகைக்குள் போய்த் தன் பழைய சார்ஜரைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தார். "சாமி, கொஞ்சம் பொறு, நான் பாக்கறேன்" என்றார். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "ஏனுங்கப்பா, மறுக்காவும் பீடி பத்த வெக்கப் போறீங்களா? இருக்கற ஒரு கண்ணையாவது காப்பாத்திக்குங்க." பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் பழனி சிரித்தான். மருமகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும். உன் அப்பாவும் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து பாதி எடுத்த எதையோ திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டு, சார்ஜரைக் கொட்டகையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் இட்லிக்குச் சட்னி அரைக்க உள்ளே போய்விட்டேன்.

அப்புறம் பழனி வழக்கம்போல, "எறக்கத்துல உருட்டி ரெண்டாவது கியர்ல விடு கண்ணு, தானாப் புடிச்சுக்கும்" என்றான். நம் மலையில் எல்லோருக்கும் இதுதான் வைத்தியம். சரிவு பார்த்து வண்டியை நிறுத்துவது, சக்கரத்துக்கு ஒரு கல், காலையில் கல்லை எடுத்துவிட்டால் வண்டி ஓடும். அதனால் இங்கே எவனும் பேட்டரியைத் திறந்து பார்ப்பதே இல்லை. உன் கார் ஆட்டோமேட்டிக், உருட்டினால் பிடிக்காது என்று நீயே சொன்னது நல்லதாகப் போயிற்று. இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகிவிடும், வளைவில் என்ன செய்வாய்? பிறகு அவன் ஜீப்பைக் கொண்டுவந்து வயர் மாட்டினான். நீ பானெட்டுக்குள் தலையை விட்டு, கல்யாண மோதிரம் பேட்டரி மேல் உரச, கடைசிக் கிளிப்பைப் பேட்டரியிலேயே வைத்தாய். பொறி பறந்தது. நான் கத்தினேன். "அம்மா, சும்மா இருங்க" என்றாய். கார் கிளம்பிவிட்டது, நீங்களும் கிளம்பிவிட்டீர்கள்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் அப்பா பேட்டரி மேல் பீடி பற்றவைக்கவில்லை. அவருடைய வலது கண் போனது என்னால்.

உனக்கு அப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. அவர் கடைவீதிக்கும் செம்மநத்தத்துக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐப்பசி மாதம். பகலெல்லாம் விளக்குப் போட்டே ஓட்டவேண்டிய மூட்டம். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. மறுநாள் ஒரு கல்யாணக் கூட்டத்தைக் கீழே சேலத்துக்குக் கொண்டுபோய்விட வாக்குக் கொடுத்திருந்தார். ஒர்க்‌ஷாப்பில் சார்ஜர் இரவல் வாங்கிவந்து, பின்பக்கக் கொட்டகையில், காற்றோட்டமாக, கல் மேல் பேட்டரியை வைத்து மாட்டினார். போகும்போது சொன்னார்: "ஏம்புள்ள, இத இங்கிருந்து அசைக்காத. பக்கத்துல நெருப்புக் கொண்டு போகாத. நான் ஃபேன் பெல்ட் வாங்கிட்டுப் பொழுதுக்குள்ள வந்தர்றேன்." நான் "சரிங்க" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் சாரல் திரும்பிக் கொட்டகைக்குள் அடித்தது. நம் வீட்டில் ஐப்பசியில் எது ஈரமானாலும் எங்கே போகும்? அடுப்படிக்கு. உப்புச் சாடி, தீப்பெட்டி, மிளகு மூட்டை, உன் யூனிபார்ம், அவருடைய செருப்பு, எல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில்தான் காயும். பேட்டரியும் அப்படித்தான் என்று நினைத்தேன். "குளுருல பேட்டரி ஏறாது" என்று டிரைவர்கள் பேசிக்கொள்வதை வேறு கேட்டிருக்கிறேன். சுவிட்சை அணைத்து, கிளிப்பைக் கழற்றி, அந்தக் கனத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நெருப்பு அதன் மேல் படாமல் இருந்தால் போதும் என்று அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன். சார்ஜரையும் உள்ளே எடுத்துவந்து, சிவப்புக்குச் சிவப்பு, கருப்புக்குக் கருப்பு பார்த்து மாட்டி, குளிராமல் இருக்கட்டும் என்று காப்பிச் சாக்கு ஒன்றைப் போர்த்தி, மூட்டம் வராமல் ஜன்னலையும் சாத்தினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் கண்ணு. புருஷன் வந்து பார்த்து, பரவாயில்லையே என்பார் என்று நினைத்தேன்.

நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தச் சாக்கில் சாய்ந்து உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதினாய். "அம்மா, இது சூடா இருக்குது" என்றாய். "நல்லதுதான் சாமி, குளிர் காஞ்சுக்கோ" என்றேன். இதைச் சொன்னது இந்த வாய்தான். கொஞ்ச நேரத்தில் அழுகின முட்டை நாற்றம் அடித்தது. கோழி எங்கேயோ முட்டையிட்டுக் கெட்டுப்போய்விட்டது என்று விறகுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தேன். ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியிலிருந்து ஒரு வாயு வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அளவுக்கு மீறி ஏறிச் சூடானால்தான் அந்த முட்டை நாற்றம். சூடு, நாற்றம் இரண்டு அடையாளமும் என் முன்னாலேயே இருந்தன, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. உனக்கு அந்தச் சூடோ நாற்றமோ தெரிந்தால் பேட்டரியைத் தொடாதே, கிளிப்பைத் தொடாதே. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு விலகிப் போய் நில். நன்றாக ஆறட்டும்.

உன் அப்பா வந்து வாசற்படியில் நின்றார். ஒரு பார்வைதான். ஓடிவந்து உன் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். நீ போய் வாசல் கல்லில் விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டாய். சாக்கும் உன் காலோடு சரிந்து வந்துவிட்டது. "அடுப்ப அணை" என்று கத்திக்கொண்டே அவர் சுவிட்சுக்குக் கை நீட்டினார். நான் பதறிப்போய் எரிகிற கட்டையை அடுப்பிலிருந்து வெடுக்கென்று உருவினேன். பொறி பறந்தது. பேட்டரியின் மேல்மூடி வெடித்து ஆசிட் அவர் முகத்தில் அடித்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் பெரிய தப்பு. இரண்டு எட்டில் தண்ணீர் டிரம் நிறைய இருந்தது. நான் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தேன். துடைத்துத் துடைத்து எடுத்தேன். கூட்டம் கூடியது, ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், ஒருத்தி வெண்ணெய் கொண்டுவந்து தடவினாள். மூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து பழனியின் அப்பா ஜீப்பில் சேலம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது டாக்டர் முதலில் கேட்டது, "தண்ணி ஊத்துனீங்களா?" உடனே, கண்ணைத் திறந்து பிடித்து, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நல்ல தண்ணீர் ஊற்றியிருந்தால் கண் தப்பியிருக்கலாம் என்றார். ஆசிட் தெறித்தால் தண்ணீர்தான் கண்ணு. துடைக்காதே, தேய்க்காதே, எதையும் தடவாதே. ஊற்றிக்கொண்டே இரு, பிறகு நேரே ஆஸ்பத்திரி. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இல்லாமல் இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் பெரியப்பா, அத்தைகள் எல்லோரும் வந்து நின்றார்கள். எப்படி ஆயிற்று என்று கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். கட்டுப் போட்ட முகத்தோடு அவர் முந்திக்கொண்டார்: "நாந்தான் பீடி பத்த வெச்சுக்கிட்டே குனிஞ்சு பாத்துப்போட்டேன். எம் புத்தியச் செருப்பாலதான் அடிக்கோணும்." எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அவர்கள் போனபிறகு நான் அழுதேன். "ஏனுங்க இப்படிச் சொன்னீங்க?" என்றேன். "உன்னையச் சொன்னா, ஆயுசுக்கும் புருசன் கண்ணப் புடுங்குனவள்னு பேசுவாங்க. என்னைய நாலு நாளைக்குப் பேசுவாங்க. எம்மேலயே இருக்கட்டும் புள்ள" என்றார். அன்றிலிருந்து பீடியைத் தொடவில்லை, பொய்க்குப் பொருத்தமாக. நாலு நாள் இருபத்தைந்து வருஷமாக ஓடிவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நம் வீட்டில் அவை இரண்டும் ஒரே பாயில் படுத்து எழுந்தன.

நீ பெரியவனானதும் சொல்லலாம் என்று நினைத்தேன். பத்தாவது முடிக்கட்டும் என்றேன், காலேஜ் போகட்டும் என்றேன். நீயோ வளர வளர அந்தப் பீடிக் கதையைக் கூட்டாளிகளுக்குச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாய். பெண் பார்க்கப் போன இடத்தில் உன் மோவாய்த் தழும்பைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "எங்கப்பா சின்ன வயசுல தள்ளிவிட்டதுங்க, அவருக்குக் கோபம் வந்தா அவ்வளவுதான்" என்றாய். அவர் தலையைக் குனிந்து காப்பி குடித்தார். நான் கையிலிருந்த பூந்தித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தள்ளு மட்டும் ஒரு நொடி பிந்தியிருந்தால் பெண் பார்க்கப் போக யார் இருந்திருப்பார்? அதை அங்கேயே எழுந்து நின்று சொல்லாத என்னை நானே மன்னிக்கவில்லை, நீ மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். எனக்குப் பயம், அவ்வளவுதான். உன் முகத்தில் என்மேல் இருக்கும் அந்தப் பிரியம் ஒரு சுற்றுக் குறைந்துவிடுமோ என்ற பயம். அதற்காக அவரைக் கோமாளியாக விட்டுவிட்டேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். வண்டி ஓட்ட முடியாமல் போன பிறகு அவர் லாட்ஜில் ஜெனரேட்டரையும் அதன் பேட்டரியையும் பார்த்துக்கொள்கிறார் என்று உனக்குத் தெரியும், எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று நீ ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. சோறு கொண்டுபோகும் நான் பார்த்திருக்கிறேன். முதலில் மோதிரம், கைச்செயின், வாட்ச் எல்லாம் கழற்றி டிபன் பாத்திரத்தில் போடுவார். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. பேட்டரி உப்பியிருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, ஒழுகுகிறதா என்று சுற்றிப் பார்ப்பார். இருந்தால் சார்ஜரே போடமாட்டார், கடைக்குத்தான். வண்டியில் சாவியை எடுத்து, விளக்கு எல்லாம் அணைத்து, ஸ்பேனரால் கருப்பு முனையை முதலில் கழற்றுவார், அப்புறம்தான் சிவப்பு. திரும்ப மாட்டும்போது தலைகீழ், சிவப்பு முதலில், கருப்பு கடைசியில். ஒருநாள்கூட மாற்றிச் செய்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியானால் உள்ளே தகடு மூழ்கியிருக்கிறதா என்று பார்த்து, குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விடுவார். குழாய்த் தண்ணீரோ ஊற்றுத் தண்ணீரோ ஆகாது. உன்னுடையது திறக்கிற மூடியே இல்லாமல் மொத்தமாக அடைத்து வரும் வகையாக இருந்தால் அதை நோண்டாதே.

சார்ஜரைப் பிளக்கில் சொருகுவதற்கு முன்னால் கிளிப்பை மாட்ட வேண்டும், கூட்டல் குறிக்குச் சிவப்பு, கழித்தல் குறிக்குக் கருப்பு. பன்னிரண்டு வோல்ட்டில் வைத்திருக்கிறாயா என்று பார்த்துக்கொள். அப்புறம்தான் சுவிட்ச். மெதுவாக ஏற்று. பேட்டரியில் போட்டிருக்கும் ஆம்பியர் கணக்கில் பத்தில் ஒரு பங்கு போதும் என்பார் அவர். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டுமே. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று உனக்கு நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிறகே கிளிப்பில் கை வை, கருப்பு முதலில். இன்னொரு வண்டியிலிருந்து வயர் போடும்போதும் அந்தக் கடைசிக் கருப்புக் கிளிப் செத்த பேட்டரியில் போகக் கூடாது. தள்ளி, இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் போடவேண்டும், முகத்தை விலக்கிக்கொண்டு. அன்றைக்கு நான் கத்தினது அதற்குத்தான். காரோடு ஒரு புத்தகம் கொடுத்திருப்பானே, அதைப் படி. நான் சொன்னதும் புத்தகம் சொன்னதும் வேறாக இருந்தால் புத்தகத்தைக் கேள்.

எங்கே வைத்து ஏற்றுவது என்பதுதான் முக்கியம். வீட்டுக்குள் வேண்டாம், சாமி. கேஸ் அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். விளக்கேற்றும் மாடத்துப் பக்கமும் வேண்டாம், மருமகள் சாயங்காலம் விளக்கு வைப்பாள். கீழே கார் நிறுத்தும் இடத்தில் காற்று வரும் பக்கமாக ஒரு பிளக் இருக்கிறதா என்று வாட்ச்மேனிடம் கேள். இல்லாவிட்டால் பேட்டரி கடையில் கொடுத்துவிடு, அவர்கள் ஏற்றியும் கொடுப்பார்கள், உயிர் இருக்கிறதா என்று சோதித்தும் சொல்வார்கள். இரண்டாம் தரமாக இறங்கியிருக்கிறதே, அது சாகக் கிடக்கும் பேட்டரியாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் எழுதி முடித்துப் பொட்டலம் கட்டும்போது உன் அப்பா வந்துவிட்டார். மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. வாங்கிப் படித்தார். இடது கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஜன்னலோரம் போய், மெதுவாகப் படித்தார். நான் காலை மாற்றி மாற்றி நின்றேன். "எதுக்கு புள்ள இப்ப? பையன் உம்மேல வருத்தப்படுவான்" என்றார். "படட்டுமுங்க" என்றேன். தாளை இன்னொரு தரம் புரட்டினார். பிறகு, "கருப்ப மொதல்ல கழட்டோணும்னு ரெண்டு எடத்துல எழுதியிருக்கற, நல்லது" என்றார். அதோடு கொட்டகைக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்து காப்பித்தூளுக்கு நடுவில் ஒன்றை வைத்தார். பேட்டரி வேலைக்குப் போடுகிற கண்ணாடி, பழைய காடாத் துணியில் சுற்றியிருக்கிறது, உடைந்திருக்காது என்று நினைக்கிறேன். அவரிடம் இருப்பது கீறல் விழுந்த பழையது. இது புதுசு. லாட்ஜ் மேனேஜர் சேலம் போனபோது சொல்லிவிட்டு வாங்கினாராம், நீ கார் வாங்கிய வாரமே. அன்று காலையில் சட்டைப் பையிலிருந்து பாதி எடுத்துத் திரும்ப உள்ளே தள்ளினாரே, அது இதுதான். உனக்குப் போட்டுவிடத்தான் கொண்டுவந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு அவருக்குப் போன் பண்ணு. என்னிடம் அப்புறம் பேசலாம்.

உன் அம்மா